படகுக்கு ஆய்வு உண்டு, ஆளுக்கு எப்போது?

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையின் விசைப்படகு, நாட்டுப்படகு சங்கத் தலைவர்களுக்கும், மீனவர் கூட்டுறவு சங்க நிர்வாகிகளுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும்

வணக்கம்.

தடைக்காலம் தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். படகுகளைக் கரையேற்றிவிட்டீர்கள். அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுகிற சத்தம் காலையில் என் கடை வரை கேட்கிறது. இன்னும் சில நாளில் மீன்வளத்துறை ஆட்கள் வந்து பதிவெண்ணையும் இன்ஜினையும் உயிர்காப்புச் சாதனங்களையும் பார்த்துவிட்டுப் போவார்கள். பார்க்காத படகு கடலுக்குப் போக முடியாது. நல்ல ஏற்பாடு. அந்தப் படகில் ஏறுகிற ஐந்தாறு பேரை யார் பார்க்கிறார்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் டாக்டர் இல்லை. பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவில் ரோட்டோரம் ஒரு சின்ன மருந்துக்கடையில் 19 வருடமாக நிற்கிற மருந்தாளுநர். யார் வீட்டில் யாருக்கு என்ன மாத்திரை என்று எனக்குத் தெரியும். மழை நாளில், தொழில் இல்லாத வாரத்தில், பத்து மாத்திரை அட்டையை வெட்டி நாலு மட்டும் கேட்கிறவர்கள் யார் என்பதும் தெரியும். உங்களில் பலர் என்னை "மெடிக்கல் புள்ள" என்றுதான் கூப்பிடுவீர்கள். எனக்கும் 43 வயதாகிறது. இருந்தாலும் கூப்பிடுங்கள்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முந்தைய கார்த்திகை. புதன்கிழமை போன படகுகள் வியாழன் காலை கரை சேர்ந்துகொண்டிருந்தன. ஏழரை மணி இருக்கும். ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன். என் சித்தப்பா குனிந்து உள்ளே வந்தார். முப்பது வருடப் படகு டிரைவர். "தாயி, நெஞ்சு கரிக்குது. வயிறு உப்பின மாதிரி இருக்கு. ராத்திரி நண்டு ரசம் கொஞ்சம் கூடிப்போச்சு. கேஸ் மாத்திரை ஒண்ணு குடு."

கொடுத்தேன். காசுகூட வாங்கவில்லை. வாடைக்காற்று அடித்த காலை அது, நானே தலையில் துண்டு போட்டிருந்தேன். அவர் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. கடல் தண்ணீர் என்று நினைத்தேன். கடல் தண்ணீர் காய்ந்தால் துணி விறைத்து உப்புப் பூக்கும் என்பது மீனவர் வீட்டில் பிறந்த எனக்குத் தெரியாததா? அது வேர்வை.

சாயங்காலம் நாலு மணிக்குப் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். இசிஜி எடுத்தபோது டாக்டர் சொன்னது, அட்டாக் முந்தின இரவே ஆரம்பித்திருக்கிறது. வலை இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில். இரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் போட்டால்தான் முழுப் பலன் தரும். பன்னிரண்டு மணி நேரம் தாண்டினால் பொதுவாகப் போடுவதில்லை. நாங்கள் தாண்டியிருந்தோம். உயிர் இருக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளுகிற இரத்தத்தின் அளவு, அதாவது பம்பிங், 35 சதவீதம். நல்ல இதயத்தில் அது 55-க்கு மேல் இருக்கும். இப்போது வலைக்கூடத்தில் உட்கார்ந்து வலை பின்னுகிறார், நாலு கண்ணி போட்டுவிட்டு மூச்சு வாங்கிக்கொள்கிறார்.

அவருக்கு சுகர் 11 வருடம். மாதா மாதம் என்னிடம்தான் மாத்திரை. அந்தச் சீட்டு மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டி, எழுத்தே தேய்ந்துபோனது. நான் பார்க்காமலே எடுத்துக்கொடுப்பேன். "சுகர் 140 தாயி, கண்ட்ரோல்தான்" என்பார். எனக்கும் சந்தோஷம். அந்த 11 வருடத்தில் பிரஷர் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று நான் ஒரு தடவை கேட்டதில்லை. வேறு யாரும் கேட்டதாகவும் அவருக்கு நினைவில்லை.

ஊரில் எல்லோருக்கும் சுகர் தெரியும். 2023-இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயதுவந்தவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு சர்க்கரை நோய். நம் பக்கம் கல்யாணப் பந்தியில் பாயசம் வேண்டாம் என்று கை மறைக்கிறவர்களை எண்ணினாலே போதும். கால் போகும், கண் போகும், கிட்னி போகும் என்பதும் தெரியும். சர்க்கரைக்காரர்களில் அதிகம் பேரைக் கொண்டுபோவது இதயமும் இரத்தக்குழாயும் என்பதுதான் சென்று சேரவில்லை. சுகர் உள்ளவருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றவரைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு. பொதுவாகப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்வரை இருக்கிற பாதுகாப்பையும் சுகர் பெருமளவு பறித்துவிடுகிறது.

இன்னொரு வஞ்சகம், அது வலியைத் திருடிவிடும். பல வருடம் சர்க்கரை கூடியே இருந்தால் உள்ளுறுப்புகளின் நரம்பும் மரத்துப்போகிறது. பாதத்தில் முள் குத்தியது தெரியாமல் நடக்கிறோமே, அதே கதை நெஞ்சுக்குள்ளும் நடக்கிறது. சினிமாவில் பார்க்கிற மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயமாட்டார்கள். வேர்க்கும். குமட்டும். தாடை கனக்கும். மாடிப்படி ஏறினால் முன்பில்லாத இளைப்பு. காரணம் தெரியாத அசதி, அவ்வளவுதான். நம் ஆட்கள் அதற்கு வைத்திருக்கிற பெயர் கேஸ்.

இப்போது என் கடையில் ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். சுகர் உள்ளவர் வந்து, தாடைக்கும் தொப்புளுக்கும் நடுவில் எங்கே என்ன செய்கிறது என்று சொன்னாலும், கேஸ் மாத்திரை கிடையாது. இசிஜி எடுத்துவிட்டு வாருங்கள், மாத்திரை சும்மாவே தருகிறேன் என்பேன். கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனவர்கள் உண்டு. ஒரே இசிஜி சரியாக இருந்துவிட்டால் போதாது, தொந்தரவு நிற்காவிட்டால் திரும்ப எடுக்க வேண்டும், ட்ரோபோனின் என்ற இரத்தப் பரிசோதனையும் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்புகிறேன்.

சரி, வராமல் தடுக்க என்ன வழி? சுகரை மட்டும் துரத்தினால் இதயம் தப்பாது. டென்மார்க்கில் சிறுநீரில் புரதம் கசியத் தொடங்கிய 160 சர்க்கரை நோயாளிகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான வைத்தியம். மறு பாதிக்கு சுகர், பிரஷர், கொழுப்பு, சாப்பாடு, நடை, புகை என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இறுக்கிப் பிடித்தார்கள். எட்டு வருடம் போல இப்படி. 2003-இல் முடிவு வந்தபோது, இறுக்கிப் பிடித்தவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் அது போன்றவையும் பாதி அளவுக்குக் குறைந்திருந்தன. புதுக் கருவி எதுவும் இல்லை. எல்லாம் அன்றைக்கே கடையில் கிடைத்த மாத்திரைகள்.

அதனால் சுகர் சீட்டு வைத்திருக்கிற ஒவ்வொருவரும் கேட்க வேண்டியது இன்னும் சில எண்கள். மூன்று மாத சராசரி சுகர் (சீட்டில் HbA1c என்று இருக்கும்) பெரும்பாலோருக்கு 7-க்குக் கீழ், வயதானவர்களுக்குக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம், அதை டாக்டர் சொல்வார். பிரஷர் 130-க்கு 80-ஐத் தாண்டக் கூடாது. கெட்ட கொழுப்பு 70-க்குக் கீழ், ஏற்கெனவே அட்டாக் வந்தவருக்கு 55-க்குக் கீழ். வருடத்துக்கு ஒரு தடவை கிட்னி வேலையைக் காட்டுகிற கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம். இந்த அல்புமினை யாரும் கண்டுகொள்வதில்லை. கிட்னிக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். அது கசிகிறது என்றால் உடம்பு முழுக்க இரத்தக்குழாயின் உள்சுவர் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், இதயத்திலும்.

கொழுப்பு மாத்திரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், கடையில் என் தொண்டைத் தண்ணீர் அதிலேதான் வற்றுகிறது. சுகர் இருந்து வயது 40 தாண்டியவருக்கு, கொழுப்பு அளவு பார்வைக்குச் சாதாரணமாக இருந்தாலும், ஸ்டாட்டின் மாத்திரை போடச் சொல்வதே இன்றைய வைத்திய முறை. ஆனால் "ஈரலைத் தின்னுடுமாம்ல?" என்று போனில் யாரோ பேசிய வீடியோவைக் காட்டி நிறுத்திவிட்டுப் போகிறார்கள். ஈரல் பாதிப்பு மிக அரிது. தசைவலி சிலருக்கு வரும், வந்தால் அளவையோ மாத்திரையையோ மாற்றலாம். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்துவதுதான் ஆபத்து. ஆஸ்பிரினோ நேர்மாறு. அதை யாரும் கேட்காமலே பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று தினமும் போடுகிறார்கள். அட்டாக் வராதவர் எல்லோருக்கும் அது தேவையில்லை, வயிற்றில் இரத்தக்கசிவு உண்டாக்கும்.

சித்தப்பாவுக்கு இப்போது எம்பாகிளிஃப்ளோசின் போகிறது. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகிற மாத்திரை. ஏற்கெனவே இதய நோய் உள்ள சர்க்கரைக்காரர்களிடம் இதயத்தால் வரும் சாவை அது குறைக்கிறது என்று 2015-இல் தெரிந்தது. பிறகு இதயம் பலவீனமானவர்களுக்கு, சுகர் இல்லாவிட்டாலும், கொடுக்க ஆரம்பித்தார்கள். அறுபது ரூபாயை ஒட்டி விற்ற அந்த ஒரு மாத்திரை, 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்த பிறகு, பத்து ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. விலைக்குப் பயந்து வேண்டாம் என்றவர்கள் திரும்பப் போய் டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் கடலுக்குப் போகிறவர் இதில் கவனம். வாந்தி, பேதி, தண்ணீர் குடிக்க முடியாத நிலை என்றால் அன்றைக்கு அதை நிறுத்தி வைக்க வேண்டும். நடுக்கடல் வெயிலில் உடம்பு வற்றிக் கிடக்கும்போது அது இன்னும் வற்ற வைக்கும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். நீளமாகப் பேசமாட்டேன், யாரும் கேட்கப் போவதில்லை. நம் கையில் இருக்கிற நல்ல சாப்பாடு சாளையும் அயிலையும்தான். அந்த மீன் எண்ணெய் இதயத்துக்கு உகந்தது. நாம் என்ன செய்கிறோம்? சீலாவை ஏற்றுமதிக்கு அனுப்பிவிட்டு, சாளையைக் கோழித் தீவனத்துக்கு அள்ளிப் போட்டுவிட்டு, வீட்டில் கருவாட்டைப் பொரிக்கிறோம். ஒரு நாளுக்கு ஒரு ஆளுக்கு ஒரு டீஸ்பூன் உப்புக்கு மேல் ஆகாது. ரெண்டு துண்டு கருவாடே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். பிரஷர் இருக்கிறவர் கருவாட்டை வாரம் ஒரு நாளைக்கு ஒதுக்கிக்கொள்ளுங்கள், வெந்நீரில் அலசிவிட்டுக் குழம்பு வையுங்கள். அப்புறம் சாயல்குடிப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, கருப்பட்டியும் சர்க்கரைதான். பனை நம் சொத்து, எனக்கும் பிடிக்கும். கருப்பட்டிக் காப்பி குடித்தால் சுகர் ஏறாது என்பது மட்டும் பொய்.

பீடிக்கு ஒரே வரி. சுகரும் பீடியும் சேர்ந்து இருக்கிற ஆளுக்கு நான் கொடுக்கிற எந்த மாத்திரையும் முழு வேலை செய்யாது.

இனி உங்களால் மட்டும் முடிகிற காரியம். டாக்டராலும் முடியாது, கலெக்டராலும் முடியாது. கடலுக்குள் நடப்பது உங்கள் பொறுப்பு.

பாக் நீரிணைப் பக்கம் நம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் போகின்றன. காலையில் மீன்வளத்துறையின் அனுமதி டோக்கன் வாங்கிப் போனால் மறுநாள் காலைதான் கரை. அதிகாலை வீட்டில் கிளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டு, முதல் வலை ஏறும்வரை வெறும் டீயோடு நிற்கிறார்கள். சுகர் இறங்கி வேர்த்து, கை நடுங்கி, கண் இருட்டுகிறது. அதுவும் வேர்வை, அட்டாக்கும் வேர்வை. நடுக்கடலில் எது என்று எப்படிச் சொல்வது? ஆயிரம் ரூபாய் சொச்சத்தில் கிடைக்கிற சுகர் மெஷின் படகில் இருந்தால் சொல்லலாம். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடம் பாருங்கள். மெஷின் இல்லாவிட்டாலும் நினைவோடு இருப்பவருக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பதில் தவறில்லை. 15 நிமிடத்தில் தெளியவில்லை என்றாலோ, மெஷினில் சுகர் சரியாகக் காட்டினாலோ, வலையை விடுங்கள், படகைத் திருப்புங்கள். அந்த ஆளை எழுந்து நடக்கவிடக் கூடாது, உட்கார வையுங்கள். வயர்லெஸ்ஸில் கரைக்குச் சொன்னால் ஜெட்டியில் 108 வந்து நிற்கும். கடலோரக் காவல்படைக்கு 1554. இந்த மாதிரி நேரத்துக்கு ஆஸ்பிரினைக் கடித்து மெல்லச் சொல்லலாமா, யாருக்குக் கூடாது என்பதைக் கரையில் இருக்கும்போதே ஒவ்வொருவரும் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி வைத்திருக்க வேண்டும்.

இன்சுலின் போடுகிறவர்கள் வேறு ஒரு தவறு செய்கிறார்கள். வெயிலுக்குப் பயந்து பேனாவை மீன் ஐஸுக்குள் புதைத்து வைக்கிறார்கள். உறைந்த இன்சுலின் செத்துப்போன இன்சுலின். உருகிய பிறகு பார்க்க அப்படியே இருக்கும், வேலை செய்யாது. ஊசி போட்டும் சுகர் 400 என்று போன வருடம் ஒருவர் என்னிடம் சண்டைக்கு வந்தார், மருந்து போலி என்று. கேட்டால் ஐஸ் பெட்டி. துணியில் சுற்றி வாய் அகன்ற பிளாஸ்கில் வையுங்கள், ஐஸ் நேராகப் படக் கூடாது.

படகைத் திருப்புங்கள் என்று சுலபமாக எழுதிவிட்டேன். ஒரு ஓட்டத்துக்கு டீசலுக்கே எத்தனை ஆயிரம் போகிறது என்று எனக்குத் தெரியும். சித்தப்பா அன்றிரவு ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். "ஒருத்தனுக்கு நெஞ்சு கரிக்குதுன்னு அஞ்சு பேரு பங்கக் கெடுக்கவா தாயி?" என்றார். அவர் டிரைவர். அவரே சொல்லக் கூசினால், கூலிக்குப் போகிற பையன் எப்படிச் சொல்வான்? அதனால் சங்கம் ஒரு தீர்மானம் போட வேண்டும். உடம்புக்கு முடியாமல் திரும்புகிற படகின் டீசல் நஷ்டத்தில் ஒரு பகுதியைச் சங்க நிதி ஏற்கும், அந்த ஆளின் பங்கைப் பிடிக்கமாட்டோம், அவர் மேல் யாரும் குறை பேசமாட்டோம். எல்லை தாண்டினார்கள் என்று பிடித்துக்கொண்டு போனால் குடும்பத்துக்கு உதவுகிற சங்கங்கள்தானே நீங்கள்? அதைப் பற்றி இன்னொன்று. பிடிபட்டு யாழ்ப்பாணத்தில் இருக்கிற ஆளுக்கு என்ன மாத்திரை என்று சொல்லத் தெரிவதில்லை. "வெள்ளையா ஒண்ணு, ரோஸ் கலர்ல ஒண்ணு." ஒவ்வொருவரின் மருந்துப் பட்டியலையும் லேமினேட் போட்டு அடையாள அட்டையோடு வைத்தால், அங்கேயும் உதவும், இங்கே 108-இலும் உதவும்.

கரைக்கு வந்த பிறகு எங்கே போவது என்பதிலும் நேரம் வீணாகிறது. இராமேஸ்வரத்திலிருந்து இராமநாதபுரம் 55 கிலோமீட்டர், அங்கிருந்து மதுரை நூற்றுப் பத்துக்கு மேல். உறவினர் கூடி எந்த ஆஸ்பத்திரி என்று பேசி, கார் பிடித்து நேரே மதுரைக்குப் போகிறார்கள். வழியிலேயே பொன்னான நேரம் போய்விடுகிறது. 2023-லிருந்து 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் முதல் வேளை மருந்தாகக் கையிருப்பில் உண்டு. பக்கத்தில் இருக்கிற இடத்தில் அதை வாங்கிக்கொண்டு, இசிஜி எடுத்து, அட்டாக் உறுதி என்றால் கட்டி கரைக்கிற ஊசியை அருகிலுள்ள பெரிய மருத்துவமனையில் போட்டுக்கொண்டு, அதன் பிறகு ஒரு நாளுக்குள், இதயக்குழாய் அடைப்பைப் பார்க்கிற ஆஞ்சியோவுக்கு மதுரை. ஆஞ்சியோ செய்கிற கூடமான கேத் லேப் தூரத்தில் இருக்கிற ஊர்களுக்கு இதுவே சரியான வரிசை. செலவுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை இருக்கிறது. அந்த அட்டையைத் தடைக்காலத்தில் எடுத்து வைக்காதவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அலைவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்டென்ட் போதும், பைபாஸ் எதற்கு என்று சித்தப்பா விஷயத்தில் ஊரே தீர்ப்பு சொன்னது. சர்க்கரைக்காரருக்கு மூன்று குழாயிலும் அடைப்பு இருந்தால் பைபாஸ்தான் நீண்ட காலம் காக்கும் என்று 2012-இல் 1,900 பேரை வைத்து நடந்த ஆய்வே சொல்கிறது. டாக்டர் சொன்னதைக் கேட்டோம்.

பெண்களை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' அக்காக்கள் பகலில் வீட்டுக்கு வரும்போது ஆண்கள் கடலில், அல்லது இராத்திரி முழித்த தூக்கத்தில். அதனால் வீட்டுப் பெண்களுக்காவது சுகர், பிரஷர் பார்க்கிறார்கள். ஆனால் கடலில் முங்கிப் பாசி எடுக்கப் போகிற பெண்கள், பாம்பனிலிருந்து ஏர்வாடி வரை, அந்த நேரத்தில் கழுத்தளவு தண்ணீரில் இருப்பார்கள். ஒரு அக்கா போன மாசி மாதம் என்னிடம் வந்தார். முன்பு ஒரு முங்கில் எடுத்த பாசியை இப்போது மூன்று முங்கு போட்டும் எடுக்க முடியவில்லை, சத்து டானிக் கொடு என்றார். ஏழு வருட சுகர். டானிக் கொடுக்கவில்லை. இதயத்தை ஸ்கேன் செய்கிற எக்கோவில் இதயம் பலவீனம் என்று வந்தது. பாதத்தில் பாறை கிழித்த புண் இருந்தது அவருக்கே தெரியவில்லை.

வருகிற சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு எங்கள் ஊர் வலைக்கூடத்தில் சுகர் மெஷினும் பிரஷர் மெஷினும் கொண்டு வந்து உட்காரப்போகிறேன். ஸ்ட்ரிப் நூறு வாங்கி வைத்திருக்கிறேன். சுகாதார நிலையத்தில் பேசியிருக்கிறேன், இசிஜிக்கு ஆட்களை அங்கே தினமும் பத்துப் பேராக அனுப்பலாம் என்றார்கள். மற்ற ஊர்களில் இதை ஏற்பாடு செய்ய, மண்டபம், கீழக்கரை, வாலிநோக்கம், மூக்கையூர், தேவிபட்டினம், தொண்டி வரை, நீங்கள் சொன்னால்தான் நடக்கும். நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடைக்காலம் கிடையாது, அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம்.

தலைவர்களில் நாலு பேருக்காவது சுகர் இருப்பது எனக்குத் தெரியும். பெயர் சொல்லமாட்டேன். சாப்பிட்டுவிட்டே வரலாம், வெறும் வயிறு வேண்டாம். இப்போது போடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும், அந்தப் பழைய சீட்டையும், ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
பாம்பன் ரோட்டு மெடிக்கல் புள்ள